ரோஸ் ஹில்லில் ஒரு வரலாற்று டியூஷன்: ஜெர்மனி ஒருங்கிணைந்த கதையைக் கற்பிக்கும் சனிக்கிழமை வகுப்பு

மொரீஷியஸில் டியூஷன் என்றால் கணக்கும் இயற்பியலும் கணக்குப்பதிவியலும்தான் பெரும்பாலும் நினைவுக்கு வரும். வரலாற்றுக்கு டியூஷன் நடத்தி ஆள் சேர்ப்பது அரிது. கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் உள்ள 'ஜெர்மனியில் தாராளவாதமும் தேசியவாதமும், 1815–71' என்னும் ஒரே பகுதிக்காக ஒரு தவணை முழுவதையும் ஒதுக்கி நடத்துவது அதனினும் அரிது. ரோஸ் ஹில்லில், மெட்ரோ நிலையத்திலிருந்து சில நிமிடங்கள் நடந்தால் வந்துவிடும் ஒரு துணிக்கடையின் மாடியில், சனிக்கிழமை பிற்பகல்களில் அப்படியொரு வகுப்பு நடைபெறுகிறது. எச்.எஸ்.சி. என்னும் மேல்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு எழுதும் மாணவர்களுக்கானது என்று அறிவித்திருந்தாலும், விருப்பமுள்ள பெரியவர்களையும் அதே கட்டணத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். லோயர் சிக்ஸில் படிக்கும் என் மகளைச் சேர்க்கச் சென்ற நான், முதல் வகுப்பைக் கேட்டபின் எனக்கும் சேர்த்தே பணம் கட்டிவிட்டேன். மாதக் கட்டணம் 1,800 ரூபாய். அறிவியல் பாடங்களுக்கு வாங்கப்படும் தொகையோடு ஒப்பிட்டால் இது அதிகமில்லை என்பதே என் கருத்து. ஆயினும் கையேட்டுக்குத் தனியாகப் பணம் வாங்குவதைச் சேரும்போதே சொல்லியிருக்கலாம்.

வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. விவாதம் சூடுபிடித்தால் கிரியோலுக்கு மாறிவிடுகிறது. நடத்துபவர் பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை. பிள்ளைகள் அவரை 'மிஸ்' என்றே அழைக்கிறார்கள். அவர் குறிப்புகளைச் சொல்லி எழுதச் சொல்வதில்லை. இதனால் முதல் வாரத்திலேயே சில பெற்றோர்கள் முகம் சுளித்தார்கள் என்றாலும், என்னைப் பொறுத்தவரை இந்த வகுப்பின் முதல் சிறப்பு அதுதான்.

அவர் பாடத்தை, பின்னர் ஜெர்மனியை ஒன்றாக்கிய அரசான பிரஷ்யாவிலிருந்து தொடங்காமல் நம் தீவிலிருந்தே தொடங்கினார். 1810 ஆகஸ்ட் மாதம் கிராண்ட் போர்ட் கடற்போரில் பிரெஞ்சுக்காரர்கள் வென்றார்கள். பாரிஸின் வெற்றி வளைவில் அந்தப் பெயர் இன்றும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் தீவு ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1814 ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை அதை உறுதிசெய்தது. நெப்போலியன் வீழ்ந்தபின் ஐரோப்பிய வல்லரசுகள் எந்தப் பேரத்தில் நம் தீவின் உரிமையைத் தீர்த்துக்கொண்டனவோ, அதன் தொடர்ச்சியாகக் கூடிய வியன்னா மாநாட்டில்தான் 1815 ஜூன் மாதம் 39 அரசுகளைக் கொண்ட ஜெர்மானியக் கூட்டமைப்பு உருவானது. ஒரு காலத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்சிப்பகுதிகளாகச் சிதறிக் கிடந்த புனித ரோமானியப் பேரரசை 1806 இல் முடிவுக்குக் கொண்டுவந்ததும், ஜெர்மானிய மொழி பேசுவோரிடம் 'நாம்' என்ற உணர்வைத் தன் ஆக்கிரமிப்பாலேயே கிளறிவிட்டதும் அதே நெப்போலியன்தான். இந்தத் தொடர்பைக் கேட்டபின், தொலைதூர நாட்டுக் கதை என்ற அலட்சியத்தோடு உட்கார்ந்திருந்த பையன்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கூட்டமைப்பு என்பது எவ்வளவு விசித்திரமான ஏற்பாடு என்பதை விளக்கிய விதமும் பாராட்டத்தக்கது. ஹனோவரின் அரசர் அன்றைய பிரிட்டிஷ் அரசர். ஹோல்ஸ்டைனின் கோமகன் டென்மார்க் அரசர். லக்ஸம்பர்க்கின் கோமகன் நெதர்லாந்து அரசர். மூவரும் ஜெர்மானியக் கூட்டமைப்பின் உறுப்பினர்கள்! மறுபுறம், பிரஷ்ய அரசரின் சொந்த மண்ணான கிழக்குப் பிரஷ்யாவும் போஸனும் கூட்டமைப்பின் எல்லைக்கு வெளியே இருந்தன. 'ஜெர்மனி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது?' என்ற கேள்விக்கு 1815 இல் யாரிடமும் ஒரே விடை இல்லை என்பதும், பின்னர் வந்த போர்கள் அனைத்தும் ஏதோ ஒரு வகையில் அந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்தன என்பதும் மாணவர்களுக்குத் தெளிவாகப் புரிந்தன.

இங்கேதான் கையேட்டைப் பற்றிய என் முதல் குறையைச் சொல்ல வேண்டும். அதிலுள்ள 1815 ஆம் ஆண்டு வரைபடம் கிழக்குப் பிரஷ்யாவைக் கூட்டமைப்புக்குள் சேர்த்துக் காட்டுகிறது. ஆசிரியை வாயால் சொல்வது ஒன்று, படம் காட்டுவது வேறு. போதாக்குறைக்கு, வண்ணத்தில் இருந்திருக்க வேண்டிய படங்களைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்துத் தந்திருப்பதால், பவேரியாவும் வூர்ட்டம்பெர்க்கும் பாடனும் ஒரே சாம்பல் திட்டாகக் கலந்துவிட்டன. தென் ஜெர்மானிய அரசுகள் எப்படித் தனித்தனியாக முடிவெடுத்தன என்பது இந்தப் பாடத்தின் உயிர்நாடி. அதைக் காட்ட வேண்டிய படத்தில் அவற்றின் எல்லைகளே தெரியவில்லை. மகள் வண்ணப் பென்சிலால் எல்லைக் கோடுகளைத் தானே வரைந்துகொண்டாள்.

தவணையின் மிகச் சிறந்த பகுதி, ஜெர்மானிய அரசுகள் தமக்கிடையே சுங்கவரியின்றி வணிகம் செய்ய அமைத்த சுங்க ஒன்றியத்தைப் பற்றியது. பெரும்பாலான வழிகாட்டி நூல்கள் ஒரே பத்தியில் கடந்துவிடும் இந்தப் பொருளுக்கு ஆசிரியை தாராளமாக நேரம் ஒதுக்கினார். பொருளியலாளர் ஃப்ரீட்ரிக் லிஸ்ட் 1819 இல் எழுதிய விண்ணப்பத்தின் ஒரு பகுதியை வாசித்துக் காட்டிவிட்டு, மாணவர்களை அறையின் நீளத்துக்கு வரிசையாக நிற்கவைத்தார். ஒவ்வொருவரும் ஒரு சிற்றரசு. பெர்லினிலிருந்து சுவிட்சர்லாந்துக்குச் சரக்கு கொண்டுபோகும் வியாபாரியாக ஒரு பையன் நடக்க வேண்டும். வரிசையிலுள்ள ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி வரி கேட்கலாம், வேறு நாணயம் கேட்கலாம், காத்திருக்கவும் சொல்லலாம். கையில் கொடுத்த சீட்டுகள் பாதி வழியிலேயே தீர்ந்துபோய் அந்தப் பையன் திகைத்து நின்றபோது, பத்து அரசுகளைக் கடந்து பத்து முறை சுங்கம் செலுத்த வேண்டியிருக்கிறது என்று லிஸ்ட் முறையிட்டது வகுப்பு முழுவதற்கும் விளங்கிவிட்டது.

அதன்பின் 1818 ஆம் ஆண்டின் பிரஷ்யச் சுங்கச் சட்டம், அதைச் சுற்றியிருந்த சிற்றரசுகள் முதலில் காட்டிய எதிர்ப்பு, பின்னர் வேறு வழியின்றி ஒவ்வொன்றாக உள்ளே வந்த கதை, 1834 ஜனவரி 1 அன்று 18 அரசுகளோடும் ஏறக்குறைய 2.3 கோடி மக்களோடும் ஒன்றியம் நடைமுறைக்கு வந்தது, ஆஸ்திரியா வெளியிலேயே நின்றது என வரிசையாகச் சென்றது பாடம். 1835 டிசம்பரில் நியூரம்பெர்க்கிலிருந்து ஃபுர்த்துக்கு ஓடிய முதல் ரயிலும், 1839 இல் முழுமையடைந்த லைப்ஸிக் – டிரெஸ்டன் பாதையும் இதனோடு சேர்த்தே சொல்லப்பட்டன. அதே 1834 ஆம் ஆண்டு நவம்பர் 2 ஆம் தேதி 'அட்லஸ்' கப்பல் ஒப்பந்தத் தொழிலாளர்களைப் போர்ட் லூயிஸில் இறக்கியதைக் கரும்பலகையின் ஓரத்தில் அவர் எழுதி வைத்ததும் எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் சந்தை ஒன்றானதால் நாடும் ஒன்றானது என்ற எளிய முடிவுக்கு மாணவர்களை அவர் விடவில்லை. 1866 இல் பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் போர் மூண்டபோது, சுங்க ஒன்றியத்தின் உறுப்பினர்களான ஹனோவர், சாக்சனி, பவேரியா, வூர்ட்டம்பெர்க், பாடன் ஆகியவை எந்தப் பக்கம் நின்றன என்று கேட்டார். ஆஸ்திரியாவின் பக்கம் என்ற விடையை எவரும் எதிர்பார்க்கவில்லை. 1868 இல் சுங்கப் பாராளுமன்றத்துக்குத் தேர்தல் நடந்தபோது தென் மாநில வாக்காளர்களில் பெரும்பகுதியினர் பிரஷ்யாவின் தலைமையை விரும்பாதவர்களையே தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கச் சொன்னார். ஒரு பொருளாதார ஏற்பாடு அரசியல் ஒற்றுமைக்கு வசதி செய்து தரலாம். அதைத் தானாகப் பெற்றுத் தராது. இந்த ஒரு புரிதலுக்காகவே கட்டணம் கொடுக்கலாம் என்பேன்.

சர்க்கரைத் தீவில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது, சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தையும் வராதது எனக்கு வியப்பளித்தது. பீட்ரூட்டிலிருந்து சர்க்கரை எடுக்கும் முதல் ஆலையை ஃப்ரான்ஸ் கார்ல் அஷார்ட் பிரஷ்யாவின் சைலீசியாவில்தான் நிறுவினார். அதற்குப் பிரஷ்ய அரசரின் ஆதரவு இருந்தது. ஒருங்கிணைந்த ஜெர்மனியின் பீட்ரூட் சர்க்கரை ஏற்றுமதி உலகச் சந்தையில் குவிந்ததும் 1884 இன் விலைச் சரிவுக்குக் காரணங்களுள் ஒன்று. கரும்பை நம்பியிருந்த குடியேற்ற நாடுகள் அனைத்தும் அந்தச் சரிவில் அடிபட்டன. நம் பாட்டன் பூட்டன்மார் வெட்டிய கரும்பின் விலையை ஐரோப்பாவின் ஒரு புதிய பேரரசு எப்படித் தொட்டது என்பதை இங்கல்லாமல் வேறெங்கே கற்பிக்க முடியும்? தேர்வில் வராது என்ற பதில் கிடைக்கலாம். 'அட்லஸ்' கப்பலும் தேர்வில் வராதுதானே!

இனி, இந்தத் தவணையின் பெரிய ஓட்டைக்கு வருகிறேன். 1848 ஆம் ஆண்டுப் புரட்சிகளுக்கு ஒதுக்கியிருந்த இரண்டு வகுப்புகளில் ஒன்று புயல் எச்சரிக்கையால் நின்றுபோனது. புயலுக்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் தைப்பூசக் காவடியை முன்னிட்டு விட்ட வகுப்பை மறுவாரமே ஈடுசெய்தவர்கள், இதற்கு ஈடு தரவேயில்லை, கட்டணத்திலும் கழிக்கவில்லை, அலுவலகத்தில் கேட்டபோது 'கையேட்டில் எல்லாம் இருக்கிறது' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கையேட்டில் இருப்பது ஒன்றரைப் பக்கம்.

விளைவாக, 1848 மார்ச் மாதத்தில் வியன்னாவில் ஆஸ்திரியத் தலைமை அமைச்சர் மெட்டர்னிக் பதவியிழந்தது முதல், மே 18 அன்று ஃபிராங்க்ஃபர்ட்டின் புனித பவுல் தேவாலயத்தில் தேசியப் பேரவை கூடியது, ஆஸ்திரியாவைச் சேர்த்த பெரிய ஜெர்மனியா, அதை விலக்கிய சிறிய ஜெர்மனியா என்று மாதக்கணக்கில் வாதிட்டது, 1849 மார்ச்சில் அரசியலமைப்பை நிறைவேற்றியது, அப்பேரவை நீட்டிய பேரரசர் முடியைப் பிரஷ்ய அரசர் நான்காம் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் ஏப்ரலில் மறுத்தது வரை அனைத்தும் ஒரே பிற்பகலில் ஓடி மறைந்தன. போஸனின் போலந்து மக்களுக்குத் தேசிய உரிமை உண்டா என்ற விவாதத்தில் ஜெர்மானியத் தாராளவாதிகள் எடுத்த நிலை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள், அரசியலமைப்பை ரத்து செய்த ஹனோவர் அரசரை எதிர்த்ததால் 1837 இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்ட எழுவரில் இருவர் என்பதும், அவர்களுள் மூத்தவரான யாக்கோப் ஃபிராங்க்ஃபர்ட் பேரவையில் உறுப்பினராக அமர்ந்தார் என்பதும் பிள்ளைகளை எளிதில் ஈர்த்திருக்கும். அவர்கள் பெயரே எழவில்லை.

இதைச் சிறு குறையாகக் கருத முடியாததற்குக் காரணம் அடுத்த வாரமே தெரிந்துவிட்டது. 1862 செப்டம்பர் 30 அன்று, பிரஷ்யாவின் தலைமை அமைச்சராகப் பதவியேற்றுச் சில நாள்களே ஆகியிருந்த பிஸ்மார்க், வரவுசெலவுக் குழுவின் முன் ஆற்றிய 'இரும்பும் குருதியும்' உரை பாடமாக வந்தது. காலத்தின் பெரிய கேள்விகளைத் தீர்ப்பவை பேச்சுகளும் பெரும்பான்மைத் தீர்மானங்களும் அல்ல, 1848–49 இல் நேர்ந்த பிழை அதுதான் என்று அந்த உரையிலேயே அவர் சொல்கிறார். ஃபிராங்க்ஃபர்ட் பேரவை என்ன முயன்றது, எந்த இடத்தில் தடுக்கி விழுந்தது என்பது தெரியாத மாணவருக்கு அந்த வரி வெறும் வீரவசனமாகத்தான் கேட்கும். படைச் சீர்திருத்தத்துக்குப் பணம் ஒதுக்க மறுத்த பிரஷ்யச் சட்டமன்றத்தோடு நடந்த சண்டையில் எழுந்த பேச்சு அது என்பதை ஆசிரியை நினைவூட்டியது ஓரளவு கைகொடுத்தது. அந்தச் சட்டமன்றத்தின் பெரும்பான்மையே, 1866 வெற்றிக்குப்பின், பிஸ்மார்க் அனுமதியின்றிச் செய்த செலவுகளுக்கெல்லாம் பின்னோக்கி ஒப்புதல் கொடுத்த இடத்தை அவர் நிதானமாக நடத்தினார். தாராளவாதிகள் ஏன் வளைந்தார்கள் என்று மாணவர்களிடம் கேட்டுவிட்டு, தாம் விடை சொல்லாமல் நகர்ந்துவிட்டார். என் மகளும் நானும் வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தோம்.

போர்களைப் பற்றிய வகுப்புகள் சுருக்கமாகவும் தேவையான அளவிலும் இருந்தன. 1864 இல் டென்மார்க்கிடமிருந்து ஷ்லெஸ்விக்கும் ஹோல்ஸ்டைனும் பறிக்கப்பட்டன. 1865 இன் காஸ்டைன் உடன்பாட்டில் வெற்றியாளர்களான பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அவற்றைப் பங்கிட்டுக்கொண்டன. 1866 ஜூலை 3 அன்று அவை இரண்டும் பொஹீமியாவின் கோனிகிரெட்ஸில் மோதின. பின்புறமாகத் தோட்டா நிரப்பும் ஊசித் துப்பாக்கியைவிட, பொஹீமிய எல்லையை நோக்கிப் பிரஷ்யாவுக்கு ஐந்து ரயில் பாதைகளும் ஆஸ்திரியாவுக்கு ஒன்றும் இருந்ததே பிரஷ்யப் படைத்தலைவர் மோல்ட்கேவின் படைக்குப் பெரிய பலம் என்று காட்டியபோது, ரயிலைப் பற்றிய முந்தைய பாடம் மீண்டும் பயன்பட்டது.

எம்ஸ் தந்தியைக் கற்பித்த முறை எல்லா வரலாற்று ஆசிரியர்களும் எடுத்துக்கொள்ளத்தக்கது. 1870 ஜூலை 13 அன்று எம்ஸ் நகரில் ஓய்விலிருந்த அரசர் வில்ஹெல்மைப் பிரெஞ்சுத் தூதர் பெனெடெட்டி உலாவுமிடத்தில் சந்தித்து, ஸ்பானிய அரியணைக்கு ஹோஹென்ஸொல்லெர்ன் குடும்பத்தவர் எக்காலத்திலும் போட்டியிடக் கூடாதென உறுதி கேட்டார். அரசரின் உதவியாளர் ஆபெக்கன் அதை பிஸ்மார்க்குக்குத் தந்தியாக அனுப்பினார். அந்த முழுத் தந்தியின் ஆங்கில வடிவத்தை ஒவ்வொரு மாணவருக்கும் கொடுத்து, புதிதாக எதையும் சேர்க்காமல், அடித்தல் மட்டும் செய்து, அதை ஓர் அவமதிப்பாக மாற்றுங்கள் என்றார் ஆசிரியை. என் மகள் பெனெடெட்டியின் வற்புறுத்தலை விவரிக்கும் வரிகளை அடித்தாள். பின்னர் பிஸ்மார்க் வெளியிட்ட வடிவம் பக்கத்தில் வைக்கப்பட்டது. அந்த அரியணைக்குப் பெயர் அடிபட்ட ஹோஹென்ஸொல்லெர்ன் இளவரசரின் குடும்பத்திடமிருந்து எதிர்பார்த்த விலகல் செய்தி வந்துவிட்டதால் தூதரிடம் மேலும் சொல்ல ஒன்றுமில்லை என்பதுதான் மூலத்தின் பொருள். பிஸ்மார்க் அந்தக் காரணத்தை நீக்கிவிட்டு, தூதரை மீண்டும் சந்திக்க அரசர் மறுத்தார், சொல்ல ஒன்றுமில்லை என்று தம் படைத்துறை உதவியாளர் மூலம் சொல்லியனுப்பினார் என்பதை மட்டும் விட்டுவைத்திருந்தார். மகள் அடித்த வரிகள் பிரான்ஸின் பக்கத்தை மென்மையாக்கின. பிஸ்மார்க் அடித்தவை பிரஷ்யாவின் மரியாதையை மறைத்தன. ஆறு நாள் கழித்து, ஜூலை 19 அன்று, பிரான்ஸ் போர் அறிவித்தது. ஆவணத் தேர்வுக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி இருக்க முடியாது. தந்தி வந்த இரவு மோல்ட்கேவும் போர் அமைச்சர் ரூனும் உடனிருந்த விருந்து மேசைக் காட்சியை பிஸ்மார்க்கே பிற்காலத்தில் எழுதினார், எனவே அதை அப்படியே நம்பிவிட வேண்டாம் என்ற எச்சரிக்கையும் உடன் வந்தது.

1871 ஜனவரி 18 அன்று வெர்சாய் கண்ணாடி மண்டபத்தில் பேரரசு அறிவிக்கப்பட்டதைக் காட்டும் ஆன்டன் ஃபான் வெர்னரின் ஓவியத்தையும் இதே கண்ணோடு பார்க்கச் செய்தார். ஓவியர் நேரில் இருந்தவர்தான். ஆயினும் 1885 இல் பிஸ்மார்க்கின் எழுபதாம் பிறந்தநாளுக்காக வரைந்த வடிவத்தில், அன்று நீல உடையிலிருந்த பிஸ்மார்க் வெள்ளைச் சீருடையில் நடுவில் பளிச்சென்று நிற்கிறார். நோயினால் வராத ரூனும் கூட்டத்தில் இருக்கிறார். பேரரசர் பட்டத்தை ஏற்கும்படி வேண்டிய பவேரிய அரசர் இரண்டாம் லுட்விக்கின் கடிதத்தை பிஸ்மார்க்கே எழுதிக் கொடுத்தார் என்பதும், ஹனோவர் அரச குடும்பத்திடமிருந்து பறித்த நிதியிலிருந்து லுட்விக்குக்கு இரகசியமாகப் பணம் போனது என்பதும் அந்த ஓவியத்துக்கு அருகிலேயே சொல்லப்பட்டன.

இத்தனை நுட்பமாக நடந்த தவணை, கடைசி இரு வாரங்களில் தேர்வுச் சூத்திரத்துக்குள் சுருங்கியது வருத்தமளிக்கிறது. 'ஒருங்கிணைப்புக்கு பிஸ்மார்க்கே காரணமா?' என்ற மாதிரி வினாவுக்கு, ஆம் என்பதற்கு மூன்று பத்தி, இல்லை என்பதற்கு மூன்று பத்தி என்று அச்சில் வார்த்த விடையை மாணவர்கள் மனப்பாடம் செய்தார்கள். புதிய பேரரசில் உறுப்பு அரசுகளின் பிரதிநிதிகள் அமர்ந்த கூட்டாட்சி மன்றத்தின் 58 வாக்குகளில் 17 பிரஷ்யாவுடையவை, அரசியலமைப்புத் திருத்தத்தைத் தடுக்க 14 போதும் என்ற கணக்கு கையேட்டில் இருந்தும் வகுப்பில் விவாதிக்கப்படவில்லை. புதிய பேரரசுக்குள் விருப்பமின்றி அடைபட்ட டேனியர், போலந்தியர், அல்சாஸ் மக்கள் ஆகியோரைப் பற்றி ஒரு வகுப்பாவது இருந்திருக்க வேண்டும். பல மொழியும் பல மரபும் உள்ள நம் நாட்டுப் பிள்ளைகள் அதில் கேட்பதற்கு எத்தனையோ கேள்விகள் வைத்திருப்பார்கள்.

சொல்லித் தந்ததை எழுதி ஒப்பித்து மதிப்பெண் வாங்கினால் போதும் என்போர், இதே கட்டணத்துக்குக் குறிப்புகள் தரும் வேறு இடம் பார்க்கலாம். தானாகப் படிக்கும் பழக்கமுள்ள பிள்ளையாக இருந்தால் தயங்காமல் சேருங்கள். வரலாற்றில் ஆர்வமுள்ள பெரியவர்களுக்கும் பரிந்துரைப்பேன். கடைசி இரு வாரங்களுக்கு மட்டும் வராமலிருந்தால் இழப்பில்லை. சேரும்போது விடுபடும் வகுப்புகளுக்கு ஈடு உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கையேட்டை மூத்த மாணவர் எவரிடமிருந்தாவது பெற்றுக்கொண்டு, நல்ல வண்ண வரைபடம் ஒன்றை நூலகத்திலிருந்து தனியாக எடுத்துச் செல்லுங்கள். 1815, 1866, 1871 ஆகிய மூன்று ஆண்டுகளின் எல்லைகளும் அதில் இருக்கட்டும்.